கன்னிமார் நடந்த தூரம்

அளவுச் சங்கிலியின் ஒரு நுனி நஞ்சுண்டன் கையில் இருந்தது. மறு நுனியைப் பாலுசாமி பிடித்துக்கொண்டு கரை விளிம்பில் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓவர்சியர் அக்பர் அலி குனிந்து நிமிர்ந்து நடந்து, சங்கிலி எங்கேயும் தொய்யாமல் பார்த்துக்கொண்டார்.

"நஞ்சுண்டா, நடுக்கல்லுக்கு ஒட்டினாப்பல புடிப்பா. வெரல்கடை தள்ளுனாலும் கணக்கு மாறிப்போகும்."

நஞ்சுண்டன் கன்னிமார் கல்லுக்கு முன்னால் மண்டி போட்டான். ஏழு கற்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒன்றை ஒன்று ஒட்டி முழங்கால் உயரத்துக்கு நின்றன. நடுக்கல் மட்டும் ஒரு சாண் கூடுதல். இருபது வருசமாக அவற்றுக்குப் பூசை செய்கிறவன் அவன்தான். அவனுக்கு முன்னால் அவன் அப்பன். சங்கிலியின் பித்தளைப் பிடி நடுக்கல்லில் பட்டு 'கிண்'ணென்றது.

"முப்பதுங்க சார்! சரியா முப்பதடி!" என்று கரையிலிருந்து பாலுசாமி கத்தினான். அவன் காலுக்கடியில் இரண்டு ஆள் ஆழத்தில் அமராவதி செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

அக்பர் அலி மடியில் விரித்திருந்த பழைய துணிப்படத்தைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது நஞ்சுண்டனுக்கு நன்றாகத் தெரிந்தது.

கரைப்பாளையத்தில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாம் கூலிக்குப் போகிற குடும்பங்கள். போன ஐப்பசி வெள்ளத்தில் ஆறு களத்தைத் தின்றது, இரண்டு மாட்டுக்கொட்டகையைத் தின்றது, வண்டித்தடத்தில் பாதியைத் தின்றது. ஊர்க்காரர்கள் உடுமலைப்பேட்டைக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்தார்கள். ஆற்றோரம் கல்கட்டுப் போடச் சர்க்கார் சம்மதித்தது. ஆனால் இந்த வருசம் நானூறு அடிக்குத்தான் கல். அதற்குமேல் வேண்டுமென்றால் இன்னும் மூன்று வருசமோ நாலு வருசமோ, யார் கண்டது.

அந்த நானூறு அடியை இரண்டு பக்கம் கேட்டார்கள். ஒன்று கரைப்பாளையம். மற்றொன்று அதற்குக் கீழண்டை இருந்த கோவிந்தராஜுலுவின் தென்னந்தோப்பு. எந்தக் கரையை ஆறு அதிகமாகத் தின்றிருக்கிறதோ அங்கே கல் இறங்கட்டும் என்று பெரிய எஞ்சினியர் சொல்லிவிட்டார். அதை அளந்து எழுதத்தான் ஓவர்சியர் வந்திருந்தார். நாலு மணி பஸ்ஸில் அவரும் போவார், அவர் எழுதின காகிதமும் போகும். நாளைக்குக் கையெழுத்தாகிவிடும்.

"எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க" என்று அக்பர் அலி கூப்பிட்டார். வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து காத்துக்கிடந்த சனம் அவரைச் சுற்றிக் கூடியது.

"இந்தப் படம் முப்பது வருசத்துக்கு முந்தி போட்டது. தோப்புப் பக்கம் சர்வே கல் ஒண்ணு குறிச்சிருக்காங்க. அன்னிக்குக் கரையிலிருந்து எண்பதடி உள்ள இருந்தது. இன்னிக்குப் பாத்தீங்களா? நடு ஆத்துல தலை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. அங்க ஆறு எண்பதடிக்கு மேல தின்னிருக்கு."

"இங்கயும் தின்னுதுங்களே சார்!" என்றான் பாலுசாமி.

"பொறுப்பா. உங்க பக்கம் படத்துல ஒரே ஒரு அடையாளம்தான் இருக்கு. ஏழு கன்னிமார் கல்லு. அன்னிக்கு முப்பத்திரண்டடி. இன்னிக்கு முப்பது." அவர் தொண்டையைச் செருமினார். "முப்பது வருசத்துல ரெண்டடி. நான் என்னன்னு எழுதறது?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். களம் போனதைச் சொன்னார்கள். புளியமரம் போனதைச் சொன்னார்கள். அந்த மரத்தடியில் தன் கல்யாணத்துக்குப் பந்தி போட்டதை ஒரு கிழவர் கைகாட்டிச் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது.

"புளியமரம் படத்துல இல்லீங்களே பெரியவரே. களமும் இல்லை. வாய்ல சொல்றதை எழுதுனா, எதை வச்சு எழுதுனேன்னு மேல கேப்பாங்க. கல்லு ஒண்ணுதான் சாட்சி." அக்பர் அலி சனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கல்லை யாராச்சும் இடம் மாத்தி வச்சீங்களா?"

அவர் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டார். ஆமாம் என்று ஒருத்தர் சொன்னால் போதும் என்பது போல இருந்தது. ஆனால் பாலுசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"என்னுங்க சார் இப்படிக் கேட்டுப்போட்டீங்க! கன்னிமாரை மனுசக் கை தொடுமுங்களா? பூசாரி மஞ்ச பூசறதைத் தவிர எங்க பாட்டன் காலத்திலிருந்து ஒருத்தர் தொட்டதில்லீங்க. தொட்டா கை வெளங்குமா?"

"ஆமாமுங்க" என்றது சனம்.

"அப்பறம் கல்லு அங்கயேதான் இருக்குதா?"

"இல்லீங்க சாமி" என்று கருப்பாத்தாள் சொன்னாள். கரையோரக் கடைசி வீடு அவளுடையது. நஞ்சுண்டனின் கூடப்பிறந்த அக்கா, புருசன் இல்லாதவள், ஊரில் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. "ஆறு கிட்ட வந்தா அம்மா நடந்துருவாங்க. அவுங்களா பின்னால நடந்து வந்து நின்னுக்குவாங்க. இந்த முப்பது வருசத்துல ஆறு தாட்டி நடந்திருக்காங்க. நாலு வருசத்துக்கு முந்தி நடந்து வந்து, சரியா என்ற ஊட்டுக்கு நேரா நின்னாங்க."

அக்பர் அலி தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கவில்லை. "அம்மணி, நீங்க சொல்றதை நான் கொறைவா நெனைக்கலை. ஆனா சாமி நடந்து வந்துச்சுன்னு சர்க்கார் காகிதத்துல எழுத எனக்கு வழியில்லீங்களே."

நோட்டை மூடினார். மூடின சத்தம் நஞ்சுண்டனுக்கு முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

*

அந்த ஆறு தடவையும் கன்னிமார் நடந்தது எப்படி என்று உயிரோடு இருக்கிறவர்களில் நஞ்சுண்டன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊர் மொத்தமும் குடத்தோடு மேலண்டைத் தடுப்பணைக்குத் தீர்த்தம் எடுக்கப் போகும். பூசாரி வீட்டு ஆண் மட்டும் கன்னிமார் இடத்தைக் கூட்டி மெழுக ஊரில் தங்குவான். போக வர அரை நாள் ஆகும். ஆறு கிட்டே வந்துவிட்ட வருசங்களில் அந்த அரை நாளில் கல் இடம் மாறும். கடப்பாரையால் நெம்பி, சாக்கில் உருட்டி, உள்ளே தள்ளி நட்டு, பழைய குழியை மூடி மணல் தூவி, மஞ்சள் பூசிவிட வேண்டும். தீர்த்தக் குடத்தோடு திரும்புகிற சனம் பார்த்துக் குலவை போடும். பூசாரியும் எல்லாரோடும் சேர்ந்து தரையில் விழுந்து கும்பிடுவான்.

"ஆத்தைக் கண்டு அம்மா பயந்து ஓடலை, நமக்கு இடம் காட்டறாங்கன்னு சனம் நெனைக்குது. அந்த நெனப்பு இருக்கிற வரைக்கும் இந்த ஊரு கலையாது" என்று அப்பன் சொல்லியிருந்தார். கற்பூரத்தில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். மூன்று தடவை அப்பன் நகர்த்தினார். மூன்று தடவை நஞ்சுண்டன். கடைசித் தடவை கரையிலிருந்து ஐம்பதடி உள்ளே தள்ளி வைத்தான். போன ஐப்பசியில் ஆறு அதில் இருபதடியைத் தின்றது. மீதி முப்பது. ஆறு தின்றதும் இவர்கள் நகர்த்தியதும் சரிக்குச் சரியாகிப் போய், காகிதத்தில் கரைப்பாளையத்தைத் தண்ணீர் தொடவேயில்லை என்று ஆகிவிட்டது.

அது மட்டுமானால்கூடப் பரவாயில்லை. நாலு வருசத்துக்கு முன்னால் மேட்டில் கருப்பாத்தாளுக்கு ஒரு மனை கிடைக்க இருந்தது. கல் தன் வீட்டுக்கு நேராக வந்து நின்றதைப் பார்த்துவிட்டு அவள், "அம்மாவே இங்க நிக்கறாங்க, நான் எதுக்குப் போகோணும்" என்று அந்த மனையை வேண்டாமென்று விட்டுவிட்டாள். அது வேறொருத்தருக்குப் போனது. இன்றைக்கு அவள் வீட்டுச் சுவரிலிருந்து பதினோரு தப்படியில் கரை முடிந்துபோகிறது. அடுப்பங்கரை மூலையில் கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அன்றைக்கு நஞ்சுண்டன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

*

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓவர்சியரைக் கோவிந்தராஜுலு தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு நஞ்சுண்டன் பின்னால் போனான். தோப்பில்தான் அவன் வருசம் முழுக்கக் கூலி வேலை செய்தான். ஒவ்வொரு தென்னைக்கும் அவன் கைப் பாத்தி.

கோவிந்தராஜுலு கெட்டவர் இல்லை. அவருக்கும் நாற்பது மரம் ஆற்றோடு போயிருந்தது. பம்புசெட் கொட்டகை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா நஞ்சுண்டா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது? உங்க ஊருக்கு ஒண்ணும் ஆகாது. கன்னிமார் காவல் இருக்கறப்ப சர்க்கார் கல்லு எதுக்கு?" என்று சிரித்தார். கேலிதான். ஆனாலும் அதில் நிம்மதியும் இருந்தது.

அவர் கை கழுவ நகர்ந்த நேரம் பார்த்து நஞ்சுண்டன் ஓவர்சியர் பக்கத்தில் போனான்.

"சார்... ஒரு வார்த்தைங்க."

"சொல்லு."

"அந்தக் கல்லு இருக்குதுங்களே... அதை நகர்த்துனது நானுங்க. அதுக்கு முந்தி எங்கய்யன். ரெண்டு பேருமாச் சேந்து ஆறு தாட்டி. எல்லாம் கூட்டுனா நூத்திப் பத்தடிக்குக் கொறையாதுங்க."

அக்பர் அலி இளநீரைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். "காலைல நான் கேட்டப்ப ஏன் வாயைத் தொறக்கலை?"

"அத்தனை பேருக்கு முன்னாலங்களா?"

"இப்ப என்கிட்ட மட்டும் சொல்லி என்னப்பா பிரயோசனம்? ஊரே தொடலைன்னு சொல்லியிருக்கு. நீ ஒருத்தன் காதுல சொன்னதை எழுதுனா, காசு வாங்கிட்டு எழுதுனேன்னு என்னையத்தான் சொல்லுவாங்க. சனத்துக்கு முன்னால சொல்லு. அவங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் செல்லும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டாச்சு. மூணரைக்கு நான் ரோட்டுக்குப் போயாகணும்."

தோப்பிலிருந்து ஊருக்கு நடக்கிற தூரம் அன்றைக்கு நஞ்சுண்டனுக்கு முடியவே இல்லை. அப்பனுக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம். பதினோரு தப்படி ஒரு பக்கம். பண்ணாடி கோவிந்தராஜுலுவுக்கு எதிராகப் பேசினால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற நினைப்பும் நடுநடுவே வந்தது. அதை மட்டும் அவன் சீக்கிரம் ஒதுக்கினான். வேலை போனால் வேறு வேலை. ஊர் அப்படியா?

*

சனம் இன்னும் கல்லைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. ஓவர்சியருடன் கோவிந்தராஜுலுவும் வந்தார். நஞ்சுண்டன் தோளில் இருந்த சாமானை இறக்கி வைத்தான். துண்டை இடுப்பில் கட்டினான்.

"எல்லாரும் கேளுங்க. கன்னிமார் நடக்கலை. நாந்தான் நகர்த்துனேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவன் இன்னொரு தரம் சொன்னான். தீர்த்தத்துக்கு அவர்கள் போன நாட்களைச் சொன்னான், வருசத்தைச் சொன்னான், அப்பன் பேரைச் சொன்னான். சொல்லச் சொல்ல முகங்கள் இறுகின. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பாலுசாமி எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏனய்யா, கிறுக்குப் புடிச்சிருச்சா? சாமி காரியத்துல வெளையாடறயா?"

"வெளையாடலை பாலு. கல்லு நகரலைன்னா ஆறும் நகரலைன்னு எழுதிப்போடுவாங்க. அதான் சொல்றேன்."

"அப்பக் கல்கட்டுக்காகப் பொய் சொல்ற!"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது சனம். ஆமாம், ஊர் நல்லதுக்காகப் பூசாரி பொய் சொல்கிறான். அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டது அவனுக்குத் தெரிந்தது. கருப்பாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நஞ்சா, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பொய்தான?"

"இல்லீங்க்கா."

"நம்ம அய்யன் அப்படிச் செய்வாரா?"

"செஞ்சாருங்க்கா. நான் சாக்கைப் புடிச்சேன்."

கோவிந்தராஜுலு கைத்தடியை மணலில் ஊன்றினார். "ஓவர்சியர் சார், இதென்னங்க கூத்து? நேத்து வரைக்கும் நடந்த சாமி, காகிதம் எழுதற அன்னிக்கு நடக்காதாமா? ஒரு ஆளு பேச்சைக் கேட்டு என்ற தோப்பை ஆத்துல உடச் சொல்றீங்களா? அத்தாட்சி என்ன இருக்குது? கல்லு முன்ன நின்ன எடத்தைக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்."

முன்னால் நின்ற இடங்கள் எல்லாம் ஆற்றில் இருந்தன. ஆறு குழிகளையும் ஆறு தின்றுவிட்டது. நஞ்சுண்டன் தண்ணீரைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். நடுக்கல்லின் அடியில் இருப்பது அப்போதுதான் அவன் புத்தியில் தட்டியது.

இறக்கி வைத்த சாமானிலிருந்து கடப்பாரையை எடுத்தான்.

"டேய்!" என்று நாலைந்து குரல்கள். கன்னிமார் காலடியில் இரும்பு படக்கூடாது. பெண்டுகள் வளையல் சிணுங்காமல் விளக்கு வைக்கிற இடம் அது. பாலுசாமி கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் இழுத்தார்கள். நஞ்சுண்டனுக்கு ஐம்பது வயது. முதுகு போன உடம்பு. அவனால் இழுக்க முடியவில்லை. கடப்பாரையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து, வெறுங்கையால் மணலைப் பறிக்க ஆரம்பித்தான்.

யாரும் அவனைத் தொடவில்லை. கன்னிமார் காலடியில் கிடக்கிறவனை எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. ஒரு முழம் ஆழம் பறித்ததும் விரல் நகம் எதிலோ தேய்ந்தது. அவன் மணலைத் துடைத்தான். சாம்பல் நிறத்தில், சப்பட்டையாய், ஏழு கல்லையும் ஒன்றாய்க் கவ்விக்கொண்டு ஒரு தளம்.

அக்பர் அலி குனிந்து சுத்தியலால் தட்டினார். "கான்கிரீட்."

"சிமிட்டிங்க சார்" என்றான் நஞ்சுண்டன். "அமராவதி அணை வேலைக்கு ரெண்டு வருசம் போயிருந்தனுங்க. காலிச் சாக்கை உதறி உதறி டின்னுல சேத்தி வச்சிருந்தேன். கடைசித் தாட்டி நகர்த்தறப்ப கூட மாட ஆளில்லை. கல்லு சாஞ்சுக்கிட்டே இருந்தது. அதான் ஜல்லி போட்டு ஊத்திப்போட்டேன். இங்க பாருங்க."

தளத்தின் ஓரத்தைத் துடைத்துக் காட்டினான். ஆணியால் கீறிய எண்கள். 8-8-58.

அணையில் அப்படித்தான் வழக்கம். ஒவ்வொரு நாள் ஊற்றிய தளத்திலும் காய்வதற்கு முன்னால் மேஸ்திரி தேதி கீறுவார். கூலி முகாமில் அப்போதுதான் நாலு எழுத்தும் எண்ணும் எழுதக் கற்றிருந்த நஞ்சுண்டனுக்கு, தேதி கீறாமல் விட்டால் வேலை முடியாத மாதிரி தோன்றியது. எவனும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேதான் கீறினான்.

அக்பர் அலி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். யாரோ ஒரு பெண், "அந்த ஆடிதான... நாம திரும்பி வந்தப்ப அம்மா நடந்திருந்தாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அழுகைகூட நின்றுபோனது.

"சிமிட்டி போட்டதால எடம் மாத்துனதா ஆயிருமுங்களா?" என்றார் கோவிந்தராஜுலு. குரல் பழைய மாதிரி இல்லை.

"தூக்காம அடியில தளம் போட முடியாதுங்க. தூக்குன கல்லை நான் அடையாளமா வச்சு அளக்க முடியாது. படத்துல இருக்கிற குறி இனி செல்லாது. செல்லாதுன்னா, ஊர்க்காரங்க சொல்ற களத்தையும் மரத்தையும் நான் சாட்சியா எடுத்துக்கலாம்." அக்பர் அலி ஒரு காகிதத்தை எடுத்து, மடியில் வைத்து விறுவிறுவென்று எழுதினார். எழுதி முடித்துப் படித்தார். "கரைப்பாளையத்துக் கன்னிமார் கல் பூசாரியால் பல முறை கையால் நகர்த்தி வைக்கப்பட்டது. இது ஊரார் அறிய உண்மை. கரை ஏறக்குறைய நூற்றுப்பத்து அடி அரிக்கப்பட்டுள்ளது." மைப்பெட்டியைத் திறந்து மணலில் வைத்தார். "அஞ்சு பேர் கைநாட்டு வேணும். மணி மூணேகால்."

மைப்பெட்டி மணலில் கிடந்தது.

விரல் வைப்பதென்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அம்மா நடக்கவே இல்லை என்று எழுதிக் கொடுப்பது. பிள்ளை பிழைத்தது, மாடு கிடைத்தது, மழை பெய்தது என்று கட்டின மஞ்சள் துணிகள் அத்தனையும் சும்மா என்று ஆக்குவது. பாலுசாமி வேட்டியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

கருப்பாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க சாமி, நான் வெரலு வச்சா என்ற ஊட்டுக்கு முன்னால கல்லு வந்துருமுங்களா?"

அக்பர் அலி பேனாவை மூடினார். "உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேங்கம்மா. நான் எழுதித்தான் அனுப்ப முடியும். முடிவு மேல எடுப்பாங்க. வெக்கலைன்னா நிச்சயமா வராது. அது மட்டும் தெரியும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். மணலில் உட்கார்ந்திருந்தான், நகக்கண்ணில் ரத்தம். அந்தப் பார்வையில் பாசம் ஒன்றும் இல்லை.

"நாலு வருசம் மின்ன மேட்டு மனையை உட்டனே, அப்ப உனக்குத் தெரியுமல்லோ?"

"தெரியுமுங்க்கா."

"தெரிஞ்சும் என்ற கூடவே நின்னு கும்பிட்டயல்லோ?"

அவள் குனிந்து பெருவிரலை மையில் அழுத்தினாள். காகிதத்தில் வைத்தாள். மை படிந்த விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா நடந்தாங்களோ நடக்கலையோ, ஆறு நடக்குது. வெய்யிங்கடா."

பாலுசாமி வைத்தான். புளியமரத்துக் கிழவர் வைத்தார். அப்புறம் அஞ்சுக்கு மேல் பத்து ஆயின. மூன்றரைக்கு அக்பர் அலி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். கோவிந்தராஜுலு போகும்போது, "நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்ப்பா" என்று நஞ்சுண்டனிடம் சொன்னார். சத்தமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்.

*

இரண்டு மாதம் ஊரில் ஒருவரும் நஞ்சுண்டனோடு பேசவில்லை. கல்லுக்கு யாரும் மஞ்சள் பூசவில்லை. அவன் துடியலூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போய், வாரம் ஒருதரம் வந்து போனான்.

பங்குனியில் கல் வண்டிகள் வந்தன. நானூறு அடியை மேலே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தோப்புப் பம்புசெட்டுக்கு நூற்றைம்பது. கரைப்பாளையத்துக்கு மேலண்டை முனையிலிருந்து இருநூற்றைம்பது. கல்வேலைக்கு வந்த ஒட்டர்கள் கல்லை அடுக்கிக்கொண்டே வந்தார்கள். பாலுசாமி வீட்டைத் தாண்டினார்கள். கன்னிமார் கல்லுக்கும் கருப்பாத்தாள் வீட்டுக்கும் நாற்பதடி முன்னாலேயே நிறுத்திவிட்டு, சட்டி முட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சேதி கேட்டு நஞ்சுண்டன் வந்தபோது கருப்பாத்தாள் கல்கட்டின் கடைசிக் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்லில் முட்டித் திரும்பிய தண்ணீர், கல்கட்டு இல்லாத அவள் கரையில் முன்னைவிட வேகமாக அடித்தது. கொத்துக் கொத்தாக மண் விழுந்தது. பதினோரு தப்படி ஏழாகியிருந்தது.

அவன் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். "என்ற ஊட்டுப் பின்னால ஆட்டுப்பட்டி எடம் இருக்குதுங்க்கா. ஓடு, மரம், ஆட்டுக்கல்லு எல்லாத்தையும் நான் தூக்கி வச்சுத் தாரேன். ரெண்டு நாள்ல முடிச்சுப்போடுவேன்."

"தனியாவா?"

"ஆமாங்க்கா."

"தனியா ஒருத்தனா நீ நகர்த்துனது போதும்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இரண்டு மாதத்தில் அவனிடம் பேசின முதல் பேச்சு அது. "ஊடும் நகரோணும், அம்மாவும் நகரோணும். ஊருக்குள்ள போயிப் பத்துப் பேரைக் கூப்பிடு. எல்லாருங் கண்ணு முன்னால, எல்லாருங் கையால நகரட்டும்."

"நான் கூப்பிட்டா வருவாங்களாக்கா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நீதான் கூப்பிடோணும்."

அவன் தெருவுக்குள் நடந்தான். உச்சிவெயில். சனம் எல்லாம் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிற நேரம். தெரு முனையில் நின்று வாயைத் திறந்தான்.

"ஏனுங்க... அக்கா ஊட்டைப் பிரிக்கோணும். கன்னிமாரையும் தூக்கோணும். ஒரு கை குடுங்க."

ஒரு வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. இன்னொரு வீட்டில் பேச்சு நின்றது. ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய மண்கட்டி தொபுக்கென்று விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

பாலுசாமி சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்தான். அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"கடப்பாரை ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?" என்றான்.